மைக்செட் அண்ணனும் ஆற்றில் இறங்கிய கதாநாயகியும்

சினிமாவை இணையத்தில் ஓட்டிச் சம்பாதிக்கும் கம்பெனிகள் அரசாங்கத்துக்குப் பயப்படுவதில்லை. தணிக்கைக்குப் பயப்படுவதில்லை. ஒன்றுக்கொன்றும் பயப்படுவதில்லை. அவை அத்தனையும் நடுங்கியது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அவர் எங்கள் பாறசாலை மைக்செட் அண்ணன்.

எந்தக் கம்பெனி எந்தப் புதுப்படத்தை அறிவித்தாலும் அதற்குக் கீழே முதல் ஆளாக அண்ணன் ஆஜராகிவிடுவார். "வாழ்த்துகள். அந்தப் படம் எப்பம் வரும்?" ஓணம் வாழ்த்துப் போட்டால், "தங்களுக்கும் அப்படியே ஆகட்டும். அந்தப் படம் எப்பம் வரும்?" ஒரு மூத்த நடிகர் காலமானார் என்று கறுப்பு வெள்ளையில் படம் போட்டிருந்தால், "ஆழ்ந்த இரங்கல். இந்த நேரத்தில் கேட்கக்கூடாது, இருந்தாலும் அந்தப் படம்?" அண்ணனுக்கு டைப் அடிக்க வராது. போனை மைக் மாதிரி வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பேசுவார். போன் அதை எழுதிக்கொள்ளும். நாற்பது வருஷப் பழக்கம் விடுமா? அவர் எழுதிய எல்லாமே "ஹலோ ஹலோ" என்றுதான் தொடங்கும்.

எந்தப் படம் என்று கேட்பீர்கள். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களும் தேட ஆரம்பிப்பீர்கள். கேரளத்தின் தெற்கு எல்லையில் இருக்கிற பாறசாலை சந்திப்பில் போட்டோஸ்டாட் கடை வைத்து, ஊராரின் ஆதார் அட்டைகளைப் பிரதி எடுத்து, இடைப்பட்ட நேரத்தில் உங்களுக்காக இந்த வாரப்பத்திரிகையில் இப்படி எதையாவது எழுதிக்கொண்டிருக்கிறவன் நான். அந்தப் படத்தைத் தேடி இன்னொரு ஆள் என் கடைப் படியேறினால் தாங்கமாட்டேன். தோணிக்காரன் ஒருவனும் பாலராமபுரம் கைத்தறிச் சேலை கட்டிய ஒரு பெண்ணும் காதலிக்கிறார்கள், கடைசியில் அவள் ஆற்றில் இறங்குகிறாள் என்ற அளவுக்குத் தெரிந்துகொண்டால் போதும்.

அண்ணனின் கடை என் கடைக்கு அடுத்தது. அதில் ஹாரன்களும் ஆம்ப்ளிபயரும் கிடக்கும். மாதா கோயில் திருவிழா, அம்மன் கோயில் கொடை, சபையின் கன்வென்ஷன், எல்லாக் கட்சிகளின் பொதுக்கூட்டம் என்று எதற்கும் அண்ணன்தான். மற்ற மைக்செட்காரர்கள் "ஒன், டூ, த்ரீ" என்று சொல்லிச் சோதிப்பார்கள். அண்ணன் ஒரு படத்தின் கதையைச் சொல்லிச் சோதிப்பார். கன்வென்ஷனுக்கு ஜனங்கள் சீக்கிரம் வந்து இடம் பிடிப்பதைப் பார்த்து ஊரில் பக்தி பெருகிவிட்டது என்று புதிதாக வந்த போதகர் சந்தோஷப்பட்டார். கதை முடிந்து பிரசங்கம் ஆரம்பித்ததும் பாதிக் கூட்டம் எழுந்து போனதைப் பார்த்தபிறகு அவருக்கு விஷயம் புரிந்தது.

இப்படிச் சினிமாவிலேயே ஊறிய மனிதருக்கு அதே அளவு ஊறிய ஒரு கூட்டாளி இருந்தார். அவர் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்து விற்கிறவர். அண்ணன் தன் தங்கை லில்லிபாயை அவருக்குக் கட்டிக் கொடுத்ததே, இடைவேளையில் கடலை வாங்கித் தந்த நன்றிக்குத்தான் என்று சொல்வார்கள். எங்கள் பக்கம் மைத்துனரை அளியன் என்போம். இருவரும் ஒருவரை ஒருவர் "அளியா, அளியா" என்று கூப்பிடும் குரலில் ஒரு குழைவு இருக்கும்.

அந்தக் குழைவெல்லாம் லில்லிபாயின் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்குப் பந்தியில் முடிந்துபோனது. அந்த வாரம்தான் படம் வந்திருந்தது. அண்ணன் பாறசாலைத் தியேட்டரில் பார்த்தார். அளியன் களியக்காவிளைத் தியேட்டரில் பார்த்தார்.

"கடைசியில அவ ஆத்தோட போற இடம் உண்டே அளியா, எனக்க நெஞ்சு பொட்டிப் போச்சு" என்றார் அண்ணன்.

அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்த அளியன் நிமிர்ந்தார். "எங்க போறா? அவதான் நீந்திக் கரையேறி வாறாளே?"

"எலே, அவ செத்துப் போறா."

"சாகல்ல."

"செத்தா. தோணிக்காரன் அவளுக்க சேலைத்தும்பைக் கையில வச்சிட்டு ஒத்தையில நிக்கான். படம் முடியுது."

"தோணிக்காரன் அவளைத் தோணியில ஏத்தி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறான். கோழி கூவுது. படம் முடியுது."

இந்த அளவோடு நின்றிருந்தால் பாயசம் வந்திருக்கும். அளியன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். "நீ ஒறங்கியிருப்பே, அளியா."

குடிகாரன் என்று சொல்லியிருந்தால் அண்ணன் பொறுத்திருப்பார். திருடன் என்றாலும் யோசித்திருப்பார். தியேட்டரில் உறங்கினான் என்று சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை. இலையை மடித்தார், எழுந்தார். "படத்தைக் காட்டி உன்னை ஒத்துக்க வச்சிட்டுத்தான் இனி உனக்க படியை மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். "அவ சாகல்லன்னு சொல்லிட்டு வந்தா வா" என்று அளியனும் பின்னாலிருந்து கத்தினார். குழந்தை அழுதது. பிறகு இருவரும் பேசவே இல்லை.

நேரில்தான் பேசவில்லை. எல்லைப் பக்கத்து ஊர்களில் எந்த விசேஷத்துக்கு மைக் கட்டினாலும் அண்ணன் ஒரு ஹாரனை அளியனின் வீட்டுக்கு நேராகத் திருப்பி வைப்பார். "ஹலோ, மைக் டெஸ்டிங். அவ செத்துட்டா. ஹலோ, அவ செத்துட்டா." ஒருமுறை குளத்தூர் பக்கம் ஒரு வீட்டு விசேஷத்தில் இப்படிச் சோதிக்கப்போய், அக்கம்பக்கத்தார் அந்த வீட்டுக் கிழவிக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று மலர்வளையத்தோடு வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் உள்ளே உட்கார்ந்து கோழிக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அளியனும் சும்மா இருக்கவில்லை. பாறசாலையிலிருந்து சிப்ஸ் வாங்க வருகிறவர்களிடம், "அவ சாகல்லன்னு அங்க போய்ச் சொல்லு" என்று பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டி அனுப்புவார். சொல்ல மறுத்தவர்களுக்கு உடைந்த சிப்ஸ்தான்.

காலம் ஓடியது. பாறசாலைத் தியேட்டர் கல்யாண மண்டபமானது. களியக்காவிளைத் தியேட்டர் மரக்கடையானது. அந்தப் படம் டி.வி.யிலும் வரவில்லை, கேசட்டிலும் வரவில்லை. கடைசியில் எல்லாப் படங்களும் போனுக்குள் வந்துவிட்டன என்று செய்தி வந்ததும் அண்ணன் போன் வாங்கி என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

முதலில் ஒரு கம்பெனியின் உதவி மையத்துக்கு எழுதினோம். "உங்கள் விருப்பம் எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்தது.

"பாத்தியா மக்கா! எனக்க வீட்டுல ஒருத்தரும் இதுவரை எனக்கிட்ட இப்படிச் சொன்னதில்ல" என்று அண்ணன் உருகிப்போனார்.

அது இயந்திரம் எழுதுவது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளை, சம்பளத்துக்கு உட்கார்ந்து எழுதுகிறது என்று முடிவு செய்து, தங்கை குடும்பத்தோடு பிணங்கிய கதை முழுவதையும் அதற்குச் சொன்னார். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று அது கேட்டது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முழுசாகத் தந்தார்.

அடுத்து, கிடைக்காத படங்களைத் தேடுகிறவர்கள் நடத்தும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டேன். அந்தக் குழுவைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். உலகத்தின் எந்த மூலையிலோ பனிமலையில் ஒரு ஆடு மட்டும் நடித்த படம் ஏன் நமக்குக் கிடைப்பதில்லை என்று அங்கே ஓயாமல் அழுவார்கள். என்றைக்காவது அது கிடைத்துவிட்டால் குழுவே துக்கத்தில் ஆழ்ந்துவிடும். கிடைத்த படத்தை அங்கே ஒருவரும் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. குழுவை நடத்தும் சென்னைக்காரர் தன்னை ஆய்வாளர் என்று சொல்லிக்கொள்வார். "தாங்கள் தேடும் படைப்பின் அழகியல் என்ன?" என்று அண்ணனைக் கேட்டார். "ஹலோ ஹலோ, கடைசியில அவ செத்துப் போறா" என்று அண்ணன் பதில் போட்டார். ஆய்வாளர் இரண்டு நாள் பேசவில்லை.

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் லில்லிபாய் அக்கா கல்யாணக் கடிதத்தோடு வந்தாள். ஞானஸ்நானத்தில் அழுத குழந்தை ஷைனி இப்போது காரக்கோணத்தில் நர்சு. மாப்பிள்ளை குளத்தூர்க்காரன், வளைகுடாவில் வேலை.

"அண்ணன் வரணும். தாய்மாமன் இல்லாம பிள்ளையை வீட்டுலேருந்து இறக்கி விடுதது எப்பிடி? ஆளுக பேசாதா?" என்றாள்.

"நான் வாறேன் லில்லி. உனக்க மாப்பிள்ள அவ செத்தான்னு ஒரு வாக்கு சொல்லட்டும்."

"அந்த மனுசன் சாகல்லன்னுதானே இத்தற காலமும் நிக்காரு?"

"அப்பம் படம் கிட்டட்டும்."

"கிட்டாட்டி?"

அண்ணன் ஒரு ஹாரனை எடுத்துத் துடைத்தார். அக்கா என்னைப் பார்த்தாள். "சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல, சினிமாக்காரி ஒருத்திக்காவ எனக்க பிள்ள மாமன் இல்லாம கல்யாணத்துக்குச் சபைக்குப் போவணும்" என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். பாதிக் கோபம், பாதிச் சிரிப்பு என்று இவர்களோடு வாழ்கிறவன் எந்த நேரத்தில் அழவேண்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அதிலிருந்து நானும் வெறியோடு தேடினேன். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது கிடைத்தது. ஒரு கம்பெனியில் அந்தப் படத்தின் போஸ்டர் வந்திருந்தது. தோணி, ஆறு, சேலை எல்லாம் இருந்தன. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். தொட்டேன். "இந்தத் திரைப்படம் உங்கள் பகுதியில் கிடைக்காது" என்று வந்தது.

பக்கத்து நெய்யாற்றங்கரையில், நெய்யாற்றில் எடுத்த படம் அது. நெய்யாற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவன் பார்க்க முடியாது என்று எவனோ எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறான். நான் கொதித்தேன். அண்ணனோ சிரித்தார்.

"இவ்வளவுதானா? வண்டியை எடு மக்கா."

"எங்க அண்ணா?"

"களியக்காவிளைக்கு. இஞ்ச கிட்டல்லன்னா அங்க கிட்டும்."

நீங்கள் சிரிக்கலாம். எங்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் பகுதியில் கிடைக்காதது அடுத்த பகுதியில் கிடைக்கும் என்பதுதான் நாங்கள் பிறந்ததிலிருந்து கண்ட உண்மை. லாட்டரிச் சீட்டுக்கு அவர்கள் இங்கே வருவார்கள். பூவுக்கும் காய்கறிக்கும் நாங்கள் அங்கே போவோம். பெட்ரோல் எந்தப் பக்கம் மலிவோ அந்தப் பக்கம் வண்டி தானாகவே திரும்பும். ஓணத்துக்கு இங்கே லீவு, பொங்கலுக்கு அங்கே லீவு, இரண்டுக்கும் வேலைக்குப் போகாத உத்தமர்கள் உண்டு. பட்டப்படிப்புப் படித்த எனக்கே அண்ணன் சொன்னது நியாயமாகப் பட்டது. வண்டியை எடுத்தேன்.

அண்ணன் பின்னால் உட்கார்ந்து போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். செக்போஸ்டில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தி, எதற்கு அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறார் என்று மலையாளத்தில் விசாரித்தார்.

"எந்தா கையில்?"

"போணாக்கும் சாரே."

"அது எந்தினா பொக்கிப் பிடிச்சிரிக்குந்நது?"

"சினிமா கிட்டுமோன்னு நோக்குகயா."

கோழியும் அரிசியும் கடத்துகிறவர்களையே பார்த்துச் சலித்த மனிதர், சினிமாவைக் கடத்துகிறவனை அன்றுதான் பார்த்தார். போகச் சொல்லிவிட்டார். எல்லையைத் தாண்டியதும் போன் சிணுங்கி, தமிழ்நாட்டுக்கு நல்வரவு என்றது. "பாத்தியா!" என்று அண்ணன் என் முதுகில் ஓங்கி அடித்தார். படத்தைத் தொட்டோம். உங்கள் பகுதியில் கிடைக்காது.

"இது இப்பமும் நம்ம ஊருக்க காத்தாக்கும். கொஞ்சம் உள்ள போ."

உள்ளே போகவேண்டுமென்றால் அளியனின் சிப்ஸ் கடையைத் தாண்டவேண்டும். வாழ்நாளில் ஹெல்மெட் போடாத அண்ணன் என்னுடையதைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். கடை வாசலில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்ற அளியன், வண்டி மெதுவாக வருவதைப் பார்த்து, "சிப்ஸ் வேணுமா? சூடாட்டு உண்டு" என்று ஹெல்மெட்டைப் பார்த்துக் கேட்டார். ஹெல்மெட் இல்லையென்று ஆடியது. அந்த வாசனை வெகு தூரம் எங்களோடு வந்தது. "பொரிப்புல அவனை அடிக்க ஆளில்ல" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு முணுமுணுப்பும் கேட்டது. குழித்துறைப் பாலத்தில் ஒருமுறை, மார்த்தாண்டத்தில் ஒருமுறை தொட்டுப் பார்த்தோம். தமிழ்நாடு முழுவதும் எங்களைக் கைவிட்டது.

மறுநாள் ஷைனி ஏதோ சான்றிதழைப் பிரதி எடுக்கக் கடைக்கு வந்தபோது, அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள்.

"மாமா, பகுதின்னா ஜில்லா இல்ல, நாடாக்கும். இந்தியாவுல எங்க போனாலும் கிட்டாது."

"பின்ன ஆருக்குக் கிட்டும்?"

ஷைனி மாப்பிள்ளைப் பையனுக்குப் போன் செய்தாள். அவன் தேடிப் பார்த்துவிட்டு, "இங்க உண்டு" என்றான். மழையே பார்க்காத பாலைவனத்தில் எங்கள் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் கடை ஷட்டரைப் பாதி இறக்கி மூன்று பேரும் உட்கார்ந்தோம். அங்கே அந்தப் பையன் டி.வி.யில் படத்தை ஓட்டி, அதற்கு முன்னால் போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து, வீடியோ காலில் எங்களுக்குக் காட்டினான். பெண் வீட்டார் எத்தனையோ பரீட்சை வைப்பார்கள். இப்படி ஒன்றை எந்த மாப்பிள்ளையும் எழுதியிருக்கமாட்டான். "கொஞ்சம் இடப்பக்கம் நீக்கு", "உனக்க தலை மறைக்குது, மாத்து பிள்ளே" என்று அண்ணன் இங்கிருந்து விரட்டிக்கொண்டே இருந்தார். தோணிக்காரன் வந்ததும் விசில் அடித்தார். பாதிப் படத்தில் எழுந்து, இடைவேளை என்று அறிவித்து, டீ குடிக்கப் போய்விட்டார். அந்தப் பையன் பாவம், திரையை நிறுத்திவிட்டு அங்கேயே காத்திருந்தான்.

கடைசிக் காட்சி வந்தது. அவள் ஆற்றில் இறங்கினாள். கழுத்தளவு தண்ணீர். அப்படியே படம் உறைந்து நின்றது. நெட்வொர்க் போய்விட்டது.

"ஹலோ! ஹலோ!" அண்ணன் எழுந்து நின்று கத்தினார். சாலையில் போனவர்கள் ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தார்கள்.

வெகு நேரத்துக்குப் பிறகு முதலில் பையனின் குரல் மட்டும் வந்தது. "மாமா, அவ கரையேறிட்டா."

பிறகு படமும் வந்தது. அவள் கரையில் நின்று சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். தோணிக்காரன் கை நீட்டினான். தோணியில் போனார்கள். கோழி கூவியது.

அண்ணன் திரும்ப ஓட்டச் சொன்னார். இரண்டாவது தடவையும் கோழி கூவியது. அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் ஒறங்கிட்டேன் போல, மக்கா."

"மாமா, இது அப்பாவுக்குத் தெரியாண்டாம். நான் சொல்லமாட்டேன். மாமா வந்தா மட்டும் போதும்" என்று ஷைனி அவர் கையைப் பிடித்தாள். அவர் தலையை ஆட்டினார். "எந்த மொகத்தை வச்சிட்டு வாறது பிள்ளே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அந்த வாரம் சபை ஆண்டுவிழாவில் அண்ணன் மைக்கைச் சோதித்த விதம் ஊரையே கலக்கிவிட்டது. "ஒன், டூ, த்ரீ" என்றார். அவ்வளவுதான். போதகர் கவலையோடு என் கடைக்கு வந்து, "அவருக்கு உடம்புக்கு ஏதாவது?" என்று விசாரித்தார். இணையத்திலும் "ஹலோ ஹலோ" நின்றுபோனது. கம்பெனிகள் நிம்மதியாக உறங்கியிருக்கும். எனக்கு உறக்கம் வரவில்லை. இந்த மனிதரை எத்தனை நாள் என் கடையிலிருந்து விரட்டப் பார்த்திருக்கிறேன். வராமல் இருந்தபோதுதான் கடை எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

ஆற்றாமையால் அந்த வாட்ஸ்அப் குழுவில், படம் கிடைத்துவிட்டது, அவள் சாகவில்லை என்று எழுதினேன். உடனே ஆய்வாளர் போன் செய்தார். கிடைத்துவிட்ட படம் என்பதால் குரலில் ஒரு வருத்தம் இருந்தது.

"சார், நீங்க பார்த்தது எந்த மொழிப் பிரதி?"

"என்ன சார்?"

"அந்தப் படத்தை ஒரே நடிகர்களை வச்சு ரெண்டு தடவை எடுத்தாங்க. மலையாளத்துல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு. மலையாளத்துல அவ இறந்துடுவா. தமிழ்ல பிழைச்சுடுவா. நீங்க பார்த்தது தமிழா, மலையாளமா?"

நான் யோசித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை. ஷைனிக்குப் போன் போட்டேன். "மலையாளம்தானே?" என்று அவள் என்னிடமே கேட்டாள். மாப்பிள்ளைப் பையன்தான் மறுபடி ஓட்டிப் பார்த்துத் தமிழ் என்றான். பிறந்ததிலிருந்து இரண்டையும் கலந்து பேசி, கலந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். காதில் விழுந்தது எந்த மொழி என்று நின்று பார்ப்பதற்கு எங்களுக்கு எப்போது அவசியம் வந்தது?

ஷட்டரைக்கூட இறக்காமல் அண்ணனின் கடைக்கு ஓடினேன்.

"அண்ணா, அன்னைக்குத் தியேட்டர்ல படம் எந்த பாஷையில ஓடிச்சு?"

"எந்த பாஷையா?" அவர் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தார். "அவிய பேசினாவ, எனக்கு மனசிலாச்சு. பின்ன என்ன பாஷை?"

விளக்கிச் சொன்னேன். இந்தப் பக்கத் தியேட்டருக்கு மலையாளப் படப்பெட்டி வந்திருக்கிறது, அந்தப் பக்கத்துக்குத் தமிழ்ப் பெட்டி. இரண்டு பேர் சொன்னதும் சரி. ஒரு குழந்தை வளர்ந்து கல்யாணத்துக்கு நிற்கும் காலம் வரை இரண்டு பேரில் ஒருவருக்கும், இந்த ஊரில் வேறு யாருக்கும், நீ எந்த மொழியில் பார்த்தாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

அண்ணனின் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்பம் நான் ஒறங்கல்ல" என்றார். "மக்கா, நான் ஒறங்கல்ல!" என்று மறுபடி சொன்னார். ஒரு ஹாரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வாங்க அண்ணா, இப்பமே போய் அளியன்கிட்ட சொல்லுவோம். ரெண்டு பேரும் ஜெயிச்சாச்சு."

அவர் சிரிப்பு நின்றது.

"வேண்டாம் மக்கா."

"ஏன்?"

"அவனை உனக்குத் தெரியாது. ரெண்டும் செரின்னு சொன்னா, அதுல எது அசல்னு கேப்பான். நான் எனக்கதுன்னு சொல்லுவேன். பின்ன ஷைனிக்க பிள்ளைக்கு ஞானஸ்நானம் வரைக்கும் அது போவும்." ஹாரனை மெதுவாகக் கீழே வைத்தார். "நான் ஒறங்கல்லன்னு எனக்குத் தெரிஞ்சா போதும். நீ ஆருகிட்டயும் சொல்லாத, கேட்டியா?"

கல்யாண வரவேற்பு, இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கிற பாறசாலை மண்டபத்தில் நடந்தது. ஆமாம், அந்தப் பழைய தியேட்டர்தான். சபைக்குப் போகும் முன்பே, அண்ணன் காலையிலேயே வந்து தன் கையாலேயே மைக் கட்டினார். அளியன் பின்னால் சமையல் பந்தலில் இருந்தார். மகள் கல்யாணத்துக்கு வேறு எவனையும் சிப்ஸ் பொரிக்க விடமாட்டேன் என்று சட்டியைப் பிடித்திருந்தார். அண்ணன் ஒரு ஹாரனைப் பந்தலுக்கு நேராகத் திருப்பினார். லில்லிபாய் அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார் அண்ணன். கொஞ்சம் நிறுத்தினார். "அவ சாகல்ல. ஹலோ. அவ சாகல்ல, அளியா. நான் ஒறங்கிப் போனேன்."

சீக்கிரமே வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எந்தக் கூரையின் இருட்டில் கண் இமைக்காமல் உட்கார்ந்து அழுதாரோ, அதே கூரைக்குக் கீழே நின்று அந்த மனிதர் அப்படிச் சொன்னார்.

பந்தலில் எண்ணெய் சடசடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அளியன் வந்தார். கையில் சல்லிக்கரண்டி, வேட்டியெல்லாம் எண்ணெய். அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றார். இத்தனை வருஷமும் அந்த ஒரு வாக்கைக் கேட்கத்தான் காத்திருந்தார். கேட்டதும் அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"நானும் எடையில கொஞ்சம் கண்ணசந்தேன், அளியா" என்றார்.

பச்சைப் பொய். படம் ஓடும்போது கண் அசருகிற ஜாதியே இல்லை இரண்டும். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், சல்லிக்கரண்டி எனக்குத்தான் வந்து சேர்ந்தது. அடுப்பில் இருந்த சிப்ஸ் கரிந்துபோனது. அந்தக் கரிந்த சிப்ஸைத்தான் அண்ணனின் இலையில் முதலில் போட்டார்கள். அவர் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை இங்கே எழுதி உடைத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அளியன் வாரப்பத்திரிகை வாங்குவது, பொரித்த சிப்ஸில் எண்ணெய் வடிய அடியில் விரிப்பதற்குத்தான். இந்தப் பக்கத்தை அவர் படிக்கும் முன்பே எண்ணெய் குடித்திருக்கும். அண்ணன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான். இரண்டு பேரும் ஒரே போனில் படம் பார்க்கிறார்கள், ஒரே மொழியில்.

இப்போதும் எந்தக் கம்பெனி எந்தப் படத்தை அறிவித்தாலும் கீழே ஒரு ஆள் முதலில் வந்து, வாழ்த்துகள், அந்தப் படத்தின் மலையாளப் பிரதி எப்போது வரும் என்று கேட்கிறான். அது நான்தான். எனக்கு அந்தப் படம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் எங்கள் அண்ணன் உறங்கவில்லை என்பதை இந்த உலகம் ஒருமுறை பார்க்கவேண்டும்.